படத்தில் இல்லாத குழாய்

போன வாரம் நம்ம ஆபீஸ் மீட்டிங்குக்கு என்னையும் கூப்பிட்டீங்க. பூச்செண்டு குடுத்தீங்க, முன்வரிசையில உக்கார வச்சீங்க, காபி, வடை எல்லாம் வந்துச்சு. பேசத்தான் விடல. ஓய்வு பெத்தவ, பாவம், நல்லா சாப்பிட்டுட்டுப் போகட்டும்னு நெனச்சிட்டீங்க போல. அதனாலதான் மக்கா, உக்காந்து எழுதுதேன். உங்க வாட்ஸப் குழுவுல போடச் சொல்லியிருக்கேன். முழுசும் படிச்சே ஆகணும்.

அன்னைக்கு உங்கள்ல ஒரு பிள்ளை எந்திரிச்சு, "இன்டர்நெட்ல சும்மா கெடைக்கிற மேப்ப வச்சு வேலை செஞ்சா நம்மள எவன் சார் மதிப்பான்? லைசென்ஸ் வாங்கின சாஃப்ட்வேர் இருந்தாத்தான் கெத்து"ன்னு சொன்னா. எல்லாரும் தலைய ஆட்டினீங்க. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம், கையில இருந்த வடைய அப்படியே தட்டுல வச்சிட்டேன். கெத்தாம்ல கெத்து! முப்பது வருஷத்துக்கு மேல இந்த மேப் வரையுற தொழில்ல கெடந்தவ நான். அந்தக் கெத்து என்ன செய்யும், எங்க கைய விரிச்சிரும்னு ஒரே நாள்ல எனக்குத் தெரிஞ்சிச்சு. அந்த ஒரு நாளத்தான் சொல்லப் போறேன். அதுல நான் செஞ்ச தப்பும் வரும். மறைக்க மாட்டேன். மறைக்கவும் முடியாது, ஏன்னு போகப்போகத் தெரியும்.

நம்ம ஆபீஸ் அப்போ சங்கரன்கோவில்ல ராஜபாளையம் ரோட்டுல, டயர் கடைக்கு மேல மாடியில இருந்துச்சு. கீழ டயர் மாத்துற சத்தம் நாள் பூரா கேக்கும். நாங்க மூணு பேரு, முதலாளி ஒருத்தரு. முதல்ல டிரேசிங் பேப்பர்ல கையால வரைஞ்சோம். அப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு, கூடவே அந்தப் பெரிய கம்பெனி மென்பொருளும் வந்துச்சு. கம்பெனி பேரு எதுக்கு, உங்களுக்கே தெரியும். ஒரு லைசென்ஸ், ஒரு கம்ப்யூட்டர். அதுல பென்டிரைவ் மாதிரி ஒரு சாவியச் சொருகுனாத்தான் வேலையே நடக்கும். அந்தச் சாவி முதலாளி சட்டைப்பையில இருக்கும். அவரு குருவிகுளத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனா சாவியும் மொய் எழுதப் போயிரும். நாங்க மூணு பேரும் கையக் கட்டிக்கிட்டு டயர் சத்தம் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்போம்.

அப்படி உக்காந்திருந்த ஒரு நாள்லதான் இணையத்துல இருக்குற இலவச வரைபடத்தத் தொட்டேன். யாரும் வரையலாம், யாரும் திருத்தலாம், யாரும் பார்க்கலாம். எங்க தெருவுல ஒரு முட்டுச்சந்து உண்டு. அது எந்தப் படத்துலயும் கெடையாது. அதப் போட்டேன். கொஞ்ச நேரத்துல எங்க வீட்டுக்காரர் போன்ல அந்தச் சந்து தெரியுது! எனக்குச் சிரிப்புத் தாங்கல. மறுநாள் முதலாளிகிட்ட காட்டினேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே, "ஏட்டி கோமதி, ஓசியில வரைஞ்சத எவன்ளா ஒத்துக்கிடுவான்?"னு கேட்டாரு. மனுஷன் கெட்டவரு இல்ல. சாவி கையில இருந்தாத்தான் ஆபீஸ் தன் கையில இருக்குன்னு நெனச்ச ஆளு.

அந்தச் சமயத்துலதான் மலையடிவாரத்துல ஒரு பேரூராட்சிக்கு குடிதண்ணிக் குழாய் எல்லாம் படமாக்குற வேலை வந்துச்சு. ஊரு பேரு சொல்ல மாட்டேன். வாசுதேவநல்லூரும் இல்ல, சிவகிரியும் இல்ல, தேடாதீங்க. சென்னையில ஒரு நிறுவனம் மொத்த வேலையையும் எடுத்து, தெருத்தெருவா நடந்து குழாயக் கண்டுபிடிக்குற பாட்ட மட்டும் நம்மகிட்ட தள்ளிவிட்டிருந்துச்சு. வெயில் நமக்கு, ஏசி அவுகளுக்கு.

அந்த ஊர்ல தண்ணி திறந்துவிடுறவரு மாடசாமி அண்ணாச்சி. தோள்ல வால்வு திறக்குற நீளக் கம்பி, இடுப்புல கட்டம்போட்ட சாரம், வாய் நிறைய வெத்தல. எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எத்தனை சுத்து சுத்தணும், எது இடக்கைப் பக்கம் சுத்தணும், எல்லாம் அவரு தலைக்குள்ள இருந்துச்சு. ரெண்டு வாரம் அவரு முன்னால நடக்க, நான் பின்னால நடந்தேன். சென்னைக்காரங்களுக்கு வேண்டியத அவங்க மென்பொருள்ல ஏத்தினேன். அப்போ இருந்த செயல் அலுவலர்கிட்ட கேட்டுக்கிட்டு, அதையே இலவச வரைபடத்துலயும் போட்டேன். மாடசாமி அண்ணாச்சி போன்லயும் அதத் திறந்து, அவரு பேர்ல ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்தேன். முதல்ல கைய எடுத்துக்கிட்டாரு. "எனக்கு எதுக்கும்மா இது, நான் தொட்டு எதாவது ஆயிரப் போவுது"ன்னாரு. மூணாம் நாளு பார்த்தா, டீக்கடையில உக்காந்துக்கிட்டு, மூடிப்போன அடிபம்பு, தூர்ந்த கெணறுன்னு ஒண்ணு விடாம விரலால குத்திக்கிட்டு இருக்காரு. "கோமதிம்மா, என் தலையில இருந்ததெல்லாம் இதுக்குள்ள எறங்குது பாருங்க"ன்னு சொல்லிச் சிரிச்சாரு.

வேலை முடியுற நேரம் சென்னைக்காரங்க ஒரு பரிசோதனை வச்சாங்க. அரசாங்கம் அங்கீகரிச்ச பிளானுக்கு ஒத்துவராதது எது இருந்தாலும் அந்த மென்பொருள் சிவப்புல காட்டும். சிவப்பு ஒண்ணுகூட இருக்கக் கூடாது, இருந்தா படத்த வாங்க மாட்டாங்க. கடைசி ரெண்டு நாள் நான் ஒருத்தியா உக்காந்து அத்தனை சிவப்பையும் இல்லாம ஆக்கினேன். அங்க மாத்தினத இலவசப் படத்துலயும் மாத்தினேன், ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும்லா. குத்தமே இல்லாத படம்னு சென்னையிலேருந்து பாராட்டி மெயில் வந்துச்சு. முதலாளி அத அச்செடுத்து சுவத்துல ஒட்டினாரு. எனக்கும் பெருமைதான்.

ரெண்டு மழைக்காலம் போச்சு. ஐப்பசி மாசம், நல்லா அடைமழை விட்டு வெயில் அடிச்ச ஒரு காலையில மாடசாமி அண்ணாச்சி போன் பண்ணினாரு. குரலே சரியில்ல.

"கோமதிம்மா, கொஞ்சம் வாரியளா? ரெண்டு தெருவுல பிள்ளைகளுக்கு வயித்தால போகுது, வாந்தி. பதினோரு பிள்ளைக ஆஸ்பத்திரியில கெடக்கு. தண்ணியிலதான் என்னமோ கலந்திருக்குங்காவ. ஆபீஸ்ல படத்தத் தெறந்தா தெறக்க மாட்டேங்கு. எல்லாரும் என்னியத்தான் பார்க்காவ."

முதலாளி கார எடுத்தாரு. போற வழி முழுக்க, "நம்ம வேலை முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, நமக்கு இதுல பொறுப்பு இல்ல, பார்த்துப் பேசு"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. பேரூராட்சி வாசல்ல காலிக்குடத்தோட பொம்பளைங்க கூட்டம். இசக்கியம்மான்னு ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும், மகனுக்கு குளுக்கோஸ் ஏறிக்கிட்டு இருக்கு, அவன மாமியார்கிட்ட விட்டுட்டு இங்க வந்து நிக்கா. "எம்பிள்ளைக்கு எதாவது ஆச்சுன்னா ஒருத்தனையும் விடமாட்டேன்"னு கத்தி கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு.

உள்ள செயல் அலுவலர் இருந்தாரு. புதுசா வந்தவரு, சின்ன வயசு. போன் மேல போன். மேலேருந்து ஒவ்வொருத்தரா கேக்காங்க, எந்தக் குழாய், என்ன நடவடிக்கைன்னு. அவரு மேஜையில கம்ப்யூட்டர் திறந்திருக்கு. அதுல நான் வரைஞ்ச படம் இருக்கு. ஆனா திரையில ஒரு சின்னப் பெட்டிதான் தெரியுது: உரிமக்காலம் முடிந்துவிட்டது. சென்னைக்குப் போன் பண்ணியிருக்காரு. லைசென்ஸ புதுப்பிச்சிட்டு ஒரு கோரிக்கை பதிவு பண்ணுங்க, ரெண்டு மூணு வேலைநாள்ல பார்க்கோம்னு பதில் வந்திருக்கு. ரெண்டு மூணு வேலைநாள்! பிள்ளைங்க அங்க தண்ணியாப் போய்க்கிட்டு இருக்கு. அந்த ஊர்ல நாங்க கால்ல நடந்து, ஊர்க்காரரு கையக் காட்டி, ஊரு மண்ணுக்குள்ள கெடக்குற குழாயப் படமாப் போட்டிருக்கு. அத அந்த ஊரு ஆபீஸே பார்க்க முடியல. எனக்கு ரத்தம் கொதிச்சிச்சு.

நான் என் போன எடுத்து இலவசப் படத்தத் திறந்து அவரு முன்னால வச்சேன். குழாய், வால்வு, தொட்டி எல்லாம் இருந்துச்சு.

"இது என்ன மேடம்?"

"இதே படந்தான் சார். இன்டர்நெட்ல இருக்கு."

"இது அங்கீகாரம் உள்ளதா?"

"அங்கீகாரம் உள்ளது உங்க கம்ப்யூட்டர்ல தூங்குது சார். எழுப்ப மூணு நாள் ஆகும்."

முதலாளி என் காலை மிதிச்சாரு. செயல் அலுவலரு நாற்காலிய என் பக்கம் இழுத்துப் போட்டாரு. அது ஒண்ணுக்காகவே அந்த மனுஷன நான் மதிக்கேன்.

இசக்கியம்மாவ உள்ள கூப்பிட்டேன். எந்தெந்த வீட்டுப் பிள்ளைன்னு ஒவ்வொண்ணாச் சொல்லச் சொன்னேன். அவ கண்ணத் தொடைச்சிக்கிட்டே சொல்லச் சொல்ல, நான் படத்துல சிவப்புப் புள்ளி வச்சேன். கம்ப்யூட்டர் படிச்சவளுக்கு ஒரு மணி நேரம் ஆகுற வேலைய அவ பத்து நிமிஷத்துல முடிச்சுக் குடுத்தா. புள்ளி எல்லாம் மேலத்தெருவுலயும் வடக்குத்தெருவுலயும் விழுந்துச்சு. வேற எங்கயும் ஒண்ணு கெடையாது. ஆனா படத்துப்படி மேலத்தெருவுக்கு ஒரு லைன், வடக்குத்தெருவுக்கு வேற லைன். தண்ணி வர்ற நாளே வேற. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பெரிய சாக்கடை ஓடுது. ஒண்ணோட ஒண்ணு சேரவே சேராது.

செயல் அலுவலரு நெத்தியத் தேய்ச்சுக்கிட்டாரு. "அப்போ குழாய்ல தப்பு இல்ல. தொட்டியிலதான் தப்பு. குளோரின் போடாம விட்டிருக்காங்க"ன்னு சொல்லிட்டு மாடசாமி அண்ணாச்சியப் பார்த்தாரு.

"தொட்டியில தப்புன்னா ஊரு முழுக்கல்லாய்யா படுத்திருக்கணும்?"னு கேட்டாரு அண்ணாச்சி. நியாயமான கேள்வி. "மொத்த ஊருக்கும் தண்ணிய நிறுத்திருங்க"ன்னாரு செயல் அலுவலரு. "நிறுத்தாதீக ஐயா. ஓட்டை எங்கன்னு தெரியாம நிறுத்துனா வெறுங்குழாய் வெளியில கெடக்குறத இன்னும் உள்ள இழுக்கும்"னு அண்ணாச்சி சொன்னாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, ரொம்பச் சத்தமில்லாம, "கோமதிம்மா, கோயில் பக்கம் கொஞ்சம் நல்லாப் பாருங்களேன்"னாரு.

கோயில் பக்கம் பார்த்தேன். அம்மன் கோயில் மைதானம், வேப்பமரம், சாக்கடை. குழாய் எதுவும் இல்ல. இவரு எதுக்குச் சொல்லுதாருன்னு யோசிச்சேன். அப்பந்தான் ஞாபகம் வந்துச்சு, இந்தப் படத்துல வரைஞ்சது, திருத்தினது, அழிச்சது எல்லாத்துக்கும் வரலாறு இருக்கும். யாரு, எப்ப, எதுக்குன்னு அப்படியே கெடக்கும். அந்தக் கோயில் பக்கத்து வரலாற்றத் திறந்தேன்.

ஒரு கோடு இருந்துச்சு. மேலத்தெருக் குழாய்லேருந்து கோணலாக் கெளம்பி, சாக்கடையக் கடந்து, கோயில் மைதானத்தத் தொட்டு, வடக்குத்தெருக் குழாய்ல போய்ச் சேருது. பேரு: கொடைக் குழாய். வரைஞ்சது: மாடசாமி. அழிச்சது: கோமதி. காரணம்னு இருந்த கட்டத்துல நானே எழுதியிருக்கேன்: தற்காலிகம், தேவையில்லை.

மக்கா, நம்ம பக்கத்து ஊருகள்ல கோயில் கொடைத் திருவிழா எப்படி நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். மூணு நாள் பந்தல்ல சோறு பொங்கணும், கூட்டத்துக்குத் தண்ணி வேணும். பக்கத்துத் தெருக் குழாய்லேருந்து ஒரு லைன் இழுப்பாங்க. எந்தத் தெருவுக்குத் தண்ணி வர்ற நாளா இருந்தாலும் பந்தலுக்கு வரட்டும்னு ரெண்டு தெருவுலயும் கோர்த்துவிடுவாங்க. கொடை முடிஞ்சா பைப்பத் தோண்டி எடுக்க மாட்டாங்க, அடுத்த வருஷமும் வேணும்லா. தண்ணி பிடிக்குற டேப்ப மட்டும் கழட்டிட்டு, மரக்கட்டைய வச்சு அடைச்சு, சைக்கிள் டியூப்பச் சுத்திக் கட்டிருவாங்க. பிளான்ல அது வராது. எந்த ஆபீஸும் அத ஒத்துக்கிடாது. ஆனா மண்ணுக்குள்ள அது இருக்கும். அண்ணாச்சி அத வரைஞ்சிருக்காரு. சென்னை மென்பொருள் அதச் சிவப்புல காட்டியிருக்கு. நான் அழிச்சிருக்கேன். அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அந்த மென்பொருள்ல அழிச்சது அடையாளமே இல்லாமப் போச்சு, இங்க அழிச்சது என் பேரோட கெடக்கு.

வெளியில இசக்கியம்மா குரல் கேக்குது. அந்த நேரத்துல நான் என்ன செஞ்சேன்னு உள்ளதச் சொல்லுதேன். போன மடியில கவுத்தி வச்சிட்டு, "சார், கோயில் பக்கத்துச் சாக்கடையத் தோண்டிப் பாருங்க. ஒரு சந்தேகந்தான்"ன்னு சொன்னேன். சந்தேகமாம்! கண்ணால பார்த்துட்டு சந்தேகம்னு சொன்னவ நான்.

அரைமணி நேரத்துல ரெண்டு பேரு மண்வெட்டியோட எறங்கினாங்க. மழைத்தண்ணி நின்னு சாக்கடை மேடுதட்டிக் கெடந்துச்சு. தோண்டத் தோண்ட நாத்தம் தாங்கல. பைப் வந்துச்சு. மரக்கட்டை அழுகிப் பாதி இல்ல, டியூப் நைஞ்சு தொங்குது. தெருவுக்குத் தண்ணி வரும்போது அதுவழியா வெளிய கசிஞ்சிருக்கு. தண்ணிய நிறுத்துன உடனே சாக்கடைய உள்ள உறிஞ்சியிருக்கு. ரெண்டு தெருவுக்கும் அதே வழி. அண்ணாச்சி தானே எறங்கி ரெண்டு பக்கமும் வெட்டி அடைச்சாரு. செயல் அலுவலரு குழாயக் கழுவிவிடச் சொல்லி, அந்த ரெண்டு தெருவுக்கு மட்டும் லாரியில தண்ணி அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டாரு. மத்தத் தெருவுக்கு அன்னைக்குச் சாயங்காலம் தண்ணி போச்சு. பிள்ளைங்க எல்லாம் அந்த வாரத்துலயே வீட்டுக்கு வந்துட்டாங்க, இசக்கியம்மா மகனும் வந்துட்டான்.

கதை இதோட முடிஞ்சிருந்தா நான் இத எழுதியே இருக்க மாட்டேன். உங்க மாதிரி வடைய முழுசாத் தின்னுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

சாக்கடைக் கரையிலயே செயல் அலுவலரு மாடசாமி அண்ணாச்சியப் பிடிச்சாரு. மேல பதில் சொல்லணும், அதுக்கு ஒரு ஆளு வேணும். "இந்தத் திருட்டு லைன் உங்களுக்குத் தெரியாம இருக்குமா? இத்தனை வருஷமா இந்த ஊர்ல தண்ணி திறக்குறீங்க. ஏன் ஆபீஸ்ல சொல்லல? இத மறைச்சதுக்கே உங்கள வேலைய விட்டு நிறுத்தலாம்."

அண்ணாச்சி சேறு ஒட்டின கையோட நின்னாரு. "மறைக்கலய்யா. படத்துல போட்டேன்."

"எந்தப் படத்துல? அங்கீகரிச்ச படத்துல எங்க இருக்கு? காட்டுங்க பார்ப்போம்."

அண்ணாச்சி என்னப் பார்க்கல. அதுதான் மக்கா எனக்குப் பொறுக்கல. என்னைக் கை காட்டியிருந்தா, "இவதான் அழிச்சா"ன்னு சத்தம் போட்டிருந்தா, நான்கூட எதாவது சமாளிச்சிருப்பேன். அவரு தரையப் பார்த்துக்கிட்டு நின்னாரு. தினக்கூலியிலேருந்து படிப்படியா வந்து அப்பந்தான் வேலை நிரந்தரமாகப் போற ஆளு. அன்னைக்கு எழுதுற ஒரு தாள்ல எல்லாம் போயிரும்.

நான் போன எடுத்தேன். முதலாளிக்குப் புரிஞ்சிருச்சு. காதுக்குக் கிட்ட வந்து, "ஏட்டி கோமதி, வேண்டாம்ளா. நம்ம ஆபீஸ் பேரு போயிரும். நாளைக்கு எவனும் வேலை தரமாட்டான்"னாரு. அவரு சொன்னது பொய்யில்ல. எனக்கும் பயம் இருந்துச்சு.

"சார், இங்க பாருங்க. இந்தக் குழாய அவரு வரைஞ்சிருக்காரு. தேதி இருக்கு, அவரு பேரு இருக்கு. அதுக்குக் கீழ பாருங்க, அழிச்சது யாருன்னு. நான்தான் கோமதி. குத்தமில்லாத படம் வேணும்னு சென்னையில கேட்டாங்க, நான் உண்மைய எடுத்துட்டு அழகான படம் குடுத்தேன். எழுதுறதா இருந்தா என் பேர எழுதுங்க. அவரு பேர எழுதினீங்கன்னா, இதே படத்த இங்க நிக்குற அத்தனை பேருக்கும் திறந்து காட்டுவேன். இதுக்குச் சாவி கெடையாது, லைசென்ஸ் கெடையாது. யாரு வேணும்னாலும் பார்க்கலாம்."

செயல் அலுவலரு போன வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாரு. கடைசியில போன என்கிட்ட குடுத்துட்டு, "இதோட நகல் எனக்கு வேணும் மேடம். ரிப்போர்ட்ல சேர்க்கணும்"னாரு. மாடசாமி அண்ணாச்சியப் பார்த்து, "கைகால் கழுவிட்டு வாங்க"ன்னாரு. அவ்வளவுதான். அவரு வேலைக்கு ஒண்ணும் ஆகல.

அடிபம்புல அவரு கை கழுவுறப்ப நான் கைப்பிடிய அடிச்சுக் குடுத்தேன். கேக்காம இருக்க முடியல. "நான் அழிச்சது உங்களுக்கு முன்னாலயே தெரியுமா அண்ணாச்சி?"

"மறுநாளே பார்த்தேன்மா. கோட்டக் காணும்."

"ஏன் என்கிட்ட கேக்கல? ஒரு போன் பண்ணி ஏசியிருக்கலாம்லா?"

அவரு கைய உதறிக்கிட்டே சொன்னாரு, "படிச்சவுக அழிச்சிருக்கியளே, அது சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நான் பம்பு அடிக்குறத நிறுத்திட்டேன். யாராவது என்னைய ஒரு அறை அறைஞ்சிருந்தாகூட அப்படி வலிச்சிருக்காது. இனிமே நான் எத அழிச்சாலும் ஏன்னு கேக்கணும், கேக்காம இருந்தா எனக்குக் கெட்ட கோவம் வரும்னு சொன்னேன். சரிம்மான்னு சிரிச்சாரு.

அடுத்த வாரமே சென்னை நிறுவனத்துலேருந்து கடுதாசி வந்துச்சு. அவங்களுக்குச் சொந்தமான தகவல நாங்க அனுமதி இல்லாம பொதுவுல போட்டுட்டோமாம், உடனே எடுக்கணுமாம், இல்லன்னா சட்டப்படி பார்ப்பாங்களாம். முதலாளி அத என் மேஜையில போட்டுட்டுப் போனாரு. நான் பதில் எழுதினேன். தெரு பேரூராட்சியோடது, குழாய் ஊர்க்காரங்களோடது, நடந்தது எங்க காலு, காட்டினது மாடசாமியோட விரலு, இதுல உங்களுது எதுன்னு சொன்னீங்கன்னா அத மட்டும் எடுத்துருதோம்னு. இன்னைக்கு வரைக்கும் பதில் வரல. அவங்க வேலையும் வரல. முதலாளி ஒரு மாசம் என்கூட முகங்குடுத்துப் பேசல. ஆனா சுவத்துல ஒட்டியிருந்த அந்தப் பாராட்டுக் கடுதாசிய அவரே கிழிச்சாரு, நான் பார்த்தேன்.

இலவசம்னா கையெடுத்துக் கும்பிடுங்கன்னு நான் சொல்லல. அதுலயும் தப்பு வரும், வரைஞ்சவன் கண்ட இடத்துல கண்டதப் போட்டிருப்பான், நெட் இல்லன்னா வெறும் சாம்பல் கட்டந்தான் தெரியும். பெரிய கம்பெனி மென்பொருள்ல நல்ல வேலையும் நடக்கு, நானே செஞ்சிருக்கேன். ஆனா ஒரு படத்தத் திறக்குறதுக்கே ஒருத்தன்கிட்ட கையேந்தி நிக்கணும்னா, அந்தப் படம் யாருக்கு? தண்ணி குடிக்குறவளுக்கு இல்ல, திறந்துவிடுறவருக்கு இல்ல, சம்பளம் வாங்குற ஆபீசருக்கே இல்ல. அத வச்சுக்கிட்டு கெத்துன்னு பேசுறத என் காதால கேட்டுட்டு எப்படிச் சும்மா இருக்க?

கடைசியா ஒண்ணு. அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு மதுரையிலேருந்து ஒருத்தரு அந்தப் பெரிய மென்பொருளோட புதுப் பதிப்ப விக்க வந்தாரு. டை கட்டியிருந்தாரு, மாடி ஏறி வந்ததுல வேர்த்துக் கொட்டுது. லேப்டாப்புல நல்லா ஓட்டிக் காட்டினாரு, படமெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. முதலாளியும் ஆசையாத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாரு. கடைசியில அவரு ஒரு படிவத்த எடுத்து, "சார், பார்க்க மட்டும் எத்தனை பேரு, திருத்துற உரிமை எத்தனை பேருக்கு?"ன்னு கேட்டாரு.

முதலாளி கொஞ்சம் யோசிச்சாரு. "திருத்துறதுல ஒண்ணு மாடசாமிக்கு வேணும்"னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"அவரு யாரு சார், இன்ஜினியரா?"

"வால்வு திறக்குறவரு."

வந்தவரு சிரிச்சாரு. கெட்ட எண்ணத்துல இல்ல, உதவி செய்றதா நெனச்சுத்தான். "அந்த மாதிரி ஆளுங்களுக்கு திருத்துற உரிமை குடுக்காதீங்க சார். படிக்காதவங்க. தெரியாம எதையாவது அழிச்சிருவாங்க."

முதலாளி கண்ணாடியக் கழட்டிட்டு என்னப் பார்த்தாரு. நான் நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டு உக்காந்தேன்.

"தம்பி, அவரு வரைஞ்சாரு. அழிச்சது படிச்சவ. இந்தா, உங்க முன்னாலதான் உக்காந்திருக்கேன்."